இ.இ.ஜி ரிப்போர்ட் நார்மல்னா வலிப்பு நோய் இல்லையா? மூளை அலைப் பரிசோதனை எதைச் சொல்லும், எதைச் சொல்லாது?

தலையில் கொத்தாக ஒயர்கள், பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டர், திரையில் நெளிந்து ஓடும் கோடுகள். வீட்டில் யாருக்காவது ஃபிட்ஸ் வந்து மருத்துவமனைக்கு ஓடியவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கமானதுதான். 'இ.இ.ஜி எடுத்துட்டு வாங்க' என்று டாக்டர் எழுதிக் கொடுத்ததுமே கேள்விகள் கிளம்பிவிடும். தலையில கரண்ட் வைப்பாங்களா? மனசுல நினைக்கிறது எல்லாம் தெரிஞ்சுடுமா? ரிப்போர்ட் நார்மல்னு வந்துட்டா மாத்திரையை நிறுத்திடலாமா?

முதல் இரண்டு கேள்விகளுக்கும் பதில் சுலபம்: இல்லை, இல்லை. மூன்றாவது கேள்விதான் ஆபத்தானது. ரிப்போர்ட் நார்மல் என்றதும் மாத்திரையைத் தாங்களாகவே நிறுத்தி, மறுபடி வலிப்பு வந்து அவசர சிகிச்சைக்கு வருபவர்கள் உண்டு. இன்னொரு பக்கம், ரிப்போர்ட்டில் 'அப்நார்மல்' என்ற ஒரு வார்த்தையைப் பார்த்துவிட்டு, இல்லாத நோய்க்கு வருஷக்கணக்கில் மாத்திரை சாப்பிடுபவர்களும் உண்டு.

இது போதாதென்று, 'குற்றவாளிக்கு பிரெய்ன் மேப்பிங் டெஸ்ட்' என்று செய்திகளிலும் இதே மூளை அலைகள் அடிபடுகின்றன. உண்மையில் இந்தப் பரிசோதனையால் எதைக் கண்டுபிடிக்க முடியும், எதை முடியாது? விரிவாகப் பார்ப்போம்.

மூளை அலை என்றால் என்ன?

நம் மூளையில் ஏறக்குறைய 8,600 கோடி நரம்பு செல்கள் இருக்கின்றன. இவை ஒன்றோடொன்று பேசிக்கொள்வது மின்சாரமும் ரசாயனமும் கலந்த மொழியில். ஒரே ஒரு செல்லின் மின்சாரம் மிக மிகச் சின்னது. அதை மண்டை ஓட்டுக்கு வெளியே இருந்து பிடிக்க முடியாது. ஆனால் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் லட்சக்கணக்கான செல்கள் ஒரே தாளத்தில் இயங்கும்போது, அந்தக் கூட்டு மின்சாரம் தலையின் தோல் வரைக்கும் வந்து சேருகிறது. அதைப் பிடித்துப் பெரிதாக்கி, கோடாக வரைந்து காட்டுவதுதான் இ.இ.ஜி.

ஒரு ஸ்டேடியத்துக்கு வெளியே நிற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே தனி ஆள் பேசுவது கேட்காது. சிக்ஸர் அடித்தால் எழும் மொத்த ஆரவாரம் கேட்கும். ஆட்டம் சூடாக நடக்கிறதா, மந்தமாகப் போகிறதா என்று சொல்லிவிடலாம். ஆனால் 14-வது வரிசையில் உட்கார்ந்திருப்பவர் பக்கத்து சீட்காரரிடம் என்ன சொன்னார் என்று சொல்ல முடியுமா? முடியாது. இ.இ.ஜி-யின் பலமும் பலவீனமும் இதுதான்.

வெளியே வரும் இந்த மின்சாரம் எவ்வளவு? பொதுவாக 10 முதல் 100 மைக்ரோவோல்ட். சுவர்க் கடிகாரத்தில் போடும் 1.5 வோல்ட் பேட்டரியோடு ஒப்பிட்டால் குறைந்தது 15,000 மடங்கு குறைவு. அதனால்தான் கண் சிமிட்டினாலோ, பல்லைக் கடித்தாலோ, தலையை ஆட்டினாலோ திரையில் கோடுகள் தாறுமாறாகிவிடுகின்றன.

மனதைப் படிக்க நினைத்தார், அலையைக் கண்டுபிடித்தார்

மனித மூளையின் அலைகளை முதலில் பதிவு செய்தவர் ஹான்ஸ் பெர்கர். ஜெர்மனியின் ஜெனா நகரைச் சேர்ந்த மனநல மருத்துவர். ஆண்டு 1924. அதை அவர் கட்டுரையாக வெளியிட்டது 1929-ல்.

அவர் இதில் இறங்கிய கதை விசித்திரமானது. இளம் வயதில் ராணுவப் பயிற்சியில் இருந்தபோது குதிரையிலிருந்து விழுந்து, நூலிழையில் உயிர் தப்பினார். அதே நாளில், தொலைதூரத்தில் இருந்த அவருடைய சகோதரிக்கு, தம்பிக்கு ஏதோ ஆபத்து என்று மனதில் பட்டிருக்கிறது. நலம் விசாரித்து வீட்டிலிருந்து தந்தி வந்தது. ஒரு மனதிலிருந்து இன்னொரு மனதுக்கு எண்ணம் பயணிக்கிறதா என்ற கேள்வி பெர்கரை விடவில்லை. அதைத் தேடித்தான் மூளையின் சக்தியை அளக்கப் போனார்.

எண்ணம் பயணிப்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. கிடைத்தது மூளையின் தாளம். கண்ணை மூடி அமைதியாக இருக்கும்போது ஒரு சீரான அலை வருவதையும், கண்ணைத் திறந்ததும் அது அடங்கிவிடுவதையும் அவர் பதிவு செய்தார். ஆரம்பத்தில் பலர் நம்பவில்லை. 1934-ல் நோபல் பரிசு பெற்ற விஞ்ஞானி எட்கர் ஏட்ரியன் கேம்பிரிட்ஜில் இதே சோதனையைச் செய்து உறுதிப்படுத்திய பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது.

ஆல்பா, பீட்டா, தீட்டா, டெல்டா: என்ன வித்தியாசம்?

அலை விநாடிக்கு எத்தனை முறை ஏறி இறங்குகிறது என்பதை வைத்துப் பிரிக்கிறார்கள்.

டெல்டா: விநாடிக்கு 4 முறைக்கும் குறைவு. ஆழ்ந்த தூக்கத்தில் வருவது.

தீட்டா: 4 முதல் 8 வரை. தூக்கம் சொக்கும் நேரத்தில் அதிகம். சின்னக் குழந்தைகளுக்கு விழித்திருக்கும்போதும் சகஜம்.

ஆல்பா: 8 முதல் 13 வரை. விழித்தபடியே கண்ணை மூடி ஓய்வாக இருக்கும்போது, தலையின் பின்பகுதியில் தெளிவாகத் தெரியும்.

பீட்டா: 13 முதல் 30 வரை. கண் திறந்து சுறுசுறுப்பாக இருக்கும்போது வருவது. சில தூக்க மாத்திரைகள் சாப்பிட்டாலும் அதிகமாகும்.

இதற்கும் வேகமானது காமா.

இதில் நல்ல அலை, கெட்ட அலை என்று எதுவும் கிடையாது. தூங்கும்போது டெல்டா வந்தால் ஆரோக்கியம். நன்றாக விழித்திருக்கும் பெரியவருக்கு ஒரு பக்கம் மட்டும் விடாமல் டெல்டா வந்தால், அந்த இடத்தில் ஏதோ பிரச்னை என்று அர்த்தம். வயது, விழிப்பு நிலை, சாப்பிடும் மருந்து எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் ஒரு அலைக்கு அர்த்தம் கிடைக்கும். கம்ப்யூட்டர் பிரின்ட் எடுத்துத் தருவது வெறும் கோடு. அதைப் படித்து அர்த்தம் சொல்ல, பயிற்சி பெற்ற நரம்பியல் மருத்துவர் வேண்டும்.

பரிசோதனை எப்படி நடக்கும்?

வலிக்காது. ஊசி கிடையாது. உடம்புக்குள் மின்சாரம் செலுத்த மாட்டார்கள். மனநல சிகிச்சையில் சிலருக்குக் கொடுக்கும் ஷாக் சிகிச்சை வேறு, இது வேறு. மூளையிலிருந்து வருவதை இந்தக் கருவி கேட்டுக்கொள்கிறது, அவ்வளவுதான்.

முதலில் தலையை டேப் வைத்து அளப்பார்கள். மூக்குக்கு மேலே உள்ள பள்ளத்திலிருந்து பின்மண்டை மேடு வரைக்கும், ஒரு காதிலிருந்து இன்னொரு காது வரைக்கும் அளந்து, 10 சதவீதம், 20 சதவீதம் இடைவெளிகளில் புள்ளி வைப்பார்கள். உலகம் முழுக்க இதே கணக்குதான். அதனால் மதுரையில் எடுத்த இ.இ.ஜி-யை லண்டனில் இருக்கும் டாக்டரும் படிக்க முடியும். அந்தப் புள்ளிகளில் பசை தடவி, வழக்கமாக 21 சின்னத் தகடுகளை ஒட்டுவார்கள். பிறகு 20 முதல் 30 நிமிடம் பதிவு நடக்கும்.

நடுவில் சில வேலைகள் கொடுப்பார்கள். கண்ணைத் திற, மூடு என்பார்கள். சுமார் 3 நிமிடம் ஆழமாக, வேகமாக மூச்சு விடச் சொல்வார்கள். கண்ணுக்கு எதிரே விளக்கைப் பளிச் பளிச்சென்று மின்ன விடுவார்கள். முடிந்தால் கொஞ்சம் தூங்கச் சொல்வார்கள். ஒளிந்திருக்கும் கோளாறைத் தூண்டி வெளியே கொண்டு வருவதற்குத்தான் இதெல்லாம்.

மின்னும் வெளிச்சத்துக்கு உண்மையிலேயே அவ்வளவு சக்தி இருக்கிறதா? 1997 டிசம்பரில் ஜப்பானில் போக்கிமான் கார்ட்டூனின் ஒரு எபிசோடில் சிவப்பும் நீலமும் வேகமாக மாறி மாறி மின்னும் காட்சி வந்தது. அதைப் பார்த்த 600-க்கும் மேற்பட்டவர்கள், பெரும்பாலும் குழந்தைகள், மருத்துவமனைக்குக் கொண்டு போகப்பட்டார்கள். பலருக்கு வலிப்பு வந்திருந்தது. அவர்களில் நிறையப் பேருக்கு அதற்கு முன் வலிப்பு வந்ததே கிடையாது.

டெஸ்டுக்குப் போகும் முன்...

முதல் நாள் ஷாம்பு போட்டுத் தலைக்குக் குளியுங்கள். அதன் பிறகு எண்ணெய், ஜெல் எதுவும் வேண்டாம். எண்ணெய்த் தலையில் தகடு ஒட்டாது, சிக்னலும் சரியாக வராது. பூ, கிளிப், ஹேர்பின்னைக் கழற்றிவிட்டுப் போங்கள்.

வழக்கமான மாத்திரைகளைச் சாப்பிட்டுவிட்டே போங்கள். டாக்டர் சொல்லாமல் ஒரு வேளை கூட நிறுத்தக் கூடாது. சாப்பிடாமல் போக வேண்டாம். டீ, காபியை மட்டும் அன்று தவிர்க்கலாம்.

'ராத்திரி முழிச்சிருந்துட்டு வாங்க' என்று சொல்லியிருந்தால் அதை அப்படியே செய்யுங்கள். தூக்கம் கெட்ட மூளையில் வலிப்பு அலைகள் வெளிப்பட வாய்ப்பு அதிகம். அப்படி விழித்திருந்தவரை வண்டி ஓட்ட விடாதீர்கள். ஆஸ்துமா, இதய நோய், சமீபத்தில் பக்கவாதம் வந்தவர்கள் அதை டெக்னீஷியனிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மூச்சு வாங்கும் பயிற்சியைத் தவிர்த்துவிடுவார்கள்.

எதையெல்லாம் கண்டுபிடிக்கும்?

முதலிடம் வலிப்பு நோய்க்குத்தான். உலகம் முழுக்க சுமார் 5 கோடிப் பேருக்கு வலிப்பு நோய் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. சரியாகக் கண்டறிந்து சிகிச்சை கொடுத்தால் இவர்களில் 70 சதவீதம் பேர் வரை வலிப்பே இல்லாமல் வாழ முடியும் என்றும் சொல்கிறது.

வலிப்பு என்றாலே கை கால் வெட்டி இழுத்து, வாயில் நுரை தள்ளுவது என்றுதான் நினைக்கிறோம். அப்படி இல்லாத வலிப்பும் உண்டு. வகுப்பில் பாடம் நடக்கும்போது ஒரு குழந்தை சில விநாடி வெறித்துப் பார்த்து நிற்கும். பிறகு எதுவும் நடக்காதது போல எழுத ஆரம்பிக்கும். ஒரு நாளில் பல முறை இப்படி வரும். 'கவனம் இல்லாத பிள்ளை' என்று டீச்சர் திட்டுவார். அந்தக் குழந்தையை வேகமாக மூச்சு விடச் சொல்லி இ.இ.ஜி எடுத்தால், விநாடிக்கு 3 முறை வரும் கூர்முனை அலை திரையில் பளிச்சென்று தெரியலாம். திட்டு வாங்கிய பிள்ளைக்குத் தேவைப்பட்டது மாத்திரை. இந்த இடத்தில் இ.இ.ஜி-க்கு நிகர் எதுவும் இல்லை.

எந்த வகை வலிப்பு என்பதும் முக்கியம். மூளையின் ஒரே இடத்தில் கிளம்புகிறதா, மொத்த மூளையும் ஒரே நேரத்தில் சேர்ந்து கொள்கிறதா என்று அலைகள் காட்டும். ஒரு வகைக்குச் சரிப்படும் மாத்திரை இன்னொரு வகை வலிப்பை அதிகமாக்கிவிடக் கூடும் என்பதால், மருந்தைத் தேர்ந்தெடுக்க இது உதவும்.

கைக்குழந்தைகள் திடீர் திடீரென்று உடம்பைக் குனித்து, கையை விரித்து உதறுவது 'வயித்து வலி' என்று கவனிக்காமல் விடப்படுவது உண்டு. அது ஒரு கடுமையான வலிப்பு வகையாக இருந்தால் இ.இ.ஜி காட்டிக்கொடுத்துவிடும். அங்கே ஒவ்வொரு நாள் தாமதமும் குழந்தையின் வளர்ச்சியைப் பாதிக்கும்.

ஐ.சி.யு-வில் நினைவில்லாமல் கிடக்கும் நோயாளிக்கு, வெளியே ஒரு அசைவும் தெரியாமலே மூளைக்குள் வலிப்பு தொடர்ந்து கொண்டிருக்கலாம். அதைக் கண்டுபிடிக்க இ.இ.ஜி-யைத் தவிர வழியில்லை. கல்லீரல் செயலிழப்பால் வரும் மூளைப் பாதிப்பு, மூளைக் காய்ச்சல், தட்டம்மை வந்து பல வருஷம் கழித்துக் குழந்தைகளைத் தாக்கும் எஸ்.எஸ்.பி.இ என்ற மூளை நோய் போன்றவற்றிலும் அலைகள் முக்கியத் துப்பு தருகின்றன. தூக்கக் கோளாறு பரிசோதனையிலும் இ.இ.ஜி ஒரு பகுதி.

நெகிழ வைக்கும் ஒரு பயன்பாடும் இருக்கிறது. 2019-ல் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், மூளைக் காயத்தால் எந்தக் கட்டளைக்கும் அசையாமல் இருந்த 104 நோயாளிகளிடம் 'கையை மூடித் திறங்கள்' என்று திரும்பத் திரும்பச் சொல்லி இ.இ.ஜி எடுத்தார்கள். யாருடைய கையும் அசையவில்லை. ஆனால் 16 பேரின் மூளை அலைகளில் கட்டளைக்குப் பதில் இருந்தது. ஒரு வருஷம் கழித்துப் பார்த்தபோது, மற்றவர்களை விட இவர்கள் தேறியிருந்த விகிதம் அதிகம். படுக்கைக்குப் பக்கத்தில் நின்று 'இவருக்கு எதுவும் தெரியாது' என்று பேசுவதற்கு முன் யோசிக்க வேண்டும் என்பதற்கு இது ஒன்றே போதும்.

சரி, ரிப்போர்ட் நார்மல் என்றால்?

இங்கேதான் குழப்பமே. நார்மல் இ.இ.ஜி என்றால் 'அந்த அரை மணி நேரத்தில் கோளாறான அலை எதுவும் பதிவாகவில்லை' என்று மட்டும்தான் அர்த்தம். 'வலிப்பு நோய் இல்லை' என்று அர்த்தம் இல்லை.

ஒரு நாளில் 1,440 நிமிடம். டெஸ்டு நடப்பது 30 நிமிடம். தெருவில் எப்போதாவது வரும் திருடனைப் பிடிக்க, கேமராவை அரை மணி நேரம் மட்டும் போட்டுவிட்டு 'இந்தத் தெருவில் திருட்டே கிடையாது' என்று சொல்ல முடியுமா? அதோடு, மூளையின் மேற்பரப்பில் பல சதுர சென்டிமீட்டர் பரப்பளவு ஒன்றாகக் கொந்தளித்தால்தான் வெளியே தெரியும். ஆழமான பகுதியிலோ மடிப்புகளுக்குள்ளோ கிளம்பும் அலை தலையின் தோலுக்கு வந்து சேராமலே போகலாம்.

வலிப்பு நோய் உறுதியாக உள்ளவர்களிலேயே, முதல் முறை எடுக்கும் சாதாரண இ.இ.ஜி-யில் ஏறக்குறைய பாதிப் பேருக்குத்தான் அதற்கான அலை தெரியும். சில ஆய்வுகளில் அதைவிடவும் குறைவு. மூன்று, நான்கு முறை எடுக்கும்போது அது 80 முதல் 90 சதவீதம் வரை போகிறது. தூக்கத்தோடு சேர்த்து எடுத்தாலும் வாய்ப்பு கூடும்.

ஆகவே, 'ரிப்போர்ட் நார்மல்தானே' என்று மாத்திரையை நிறுத்துவது பெரிய தப்பு. வலிப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால், நிற்காமல் தொடரும் வலிப்பு வரலாம். அது உயிருக்கே ஆபத்து. மாத்திரையை எப்போது, எப்படிக் குறைப்பது என்பதை டாக்டர்தான் படிப்படியாக முடிவு செய்ய வேண்டும்.

அப்நார்மல் என்று வந்துவிட்டால்?

அதற்கும் உடனே பயப்பட வேண்டாம். பிரிட்டன் விமானப்படையில் சேர வந்த ஆரோக்கியமான இளைஞர்கள் 13,658 பேருக்கு இ.இ.ஜி எடுத்த ஒரு பழைய ஆய்வு உண்டு. அதில் 69 பேருக்கு, அதாவது 200-ல் ஒருவருக்கு, வலிப்பு நோயாளிகளிடம் வரும் அதே மாதிரி அலை இருந்தது. அவர்களுக்கு வலிப்பு வந்ததே இல்லை. பின்னாட்களில் தகவல் கிடைத்தவர்களில் ஒருவருக்கு மட்டுமே வலிப்பு நோய் வந்தது. குழந்தைகளில் இப்படித் தற்செயலாகத் தெரியும் அலை இன்னும் அதிகம்.

தலைவலி, லேசான மயக்கம், படிப்பில் மந்தம் என்று எதற்காகவோ இ.இ.ஜி எடுத்து, அதில் சின்னதாக ஒரு மாற்றம் தெரிந்து, 'வலிப்பு நோய்' முத்திரை விழுந்துவிடுவது இப்படித்தான். கண் கூசி, வியர்த்து, நின்ற இடத்திலேயே சரிந்து விழும் சாதாரண மயக்கத்திலும் சில விநாடி கை கால் உதறலாம். மன அழுத்தத்தால் வரும், பார்ப்பதற்கு வலிப்பு போலவே இருக்கும் பாதிப்பும் உண்டு. அது நடிப்பு இல்லை. அதற்குத் தேவை மனநல சிகிச்சை. இந்த இரண்டுக்கும் வலிப்பு மாத்திரை பலன் தராது.

முத்திரை விழுவது சாதாரண விஷயம் இல்லை. ஓட்டுநர் உரிமத்துக்கான உடல்தகுதிப் படிவத்திலேயே வலிப்பு பற்றிய கேள்வி இருக்கிறது. வேலை, கல்யாணப் பேச்சு என்று எல்லா இடத்திலும் அது தொடர்கிறது. இந்து திருமணச் சட்டத்தில் வலிப்பு நோயைக் காரணம் காட்டித் திருமணத்தை ரத்து செய்ய முன்பு இடம் இருந்தது. அது 1999-ல் நீக்கப்பட்டுவிட்டது. சட்டம் மாறிவிட்டது, மனசு இன்னும் முழுசாக மாறவில்லை.

அதனால்தான் நரம்பியல் மருத்துவர்கள் ஒன்றை அழுத்திச் சொல்கிறார்கள்: சிகிச்சை நோயாளிக்குத்தான், இ.இ.ஜி காகிதத்துக்கு இல்லை. தூண்டுதல் எதுவும் இல்லாமல் 24 மணி நேரத்துக்கு மேல் இடைவெளியில் இரண்டு முறை வலிப்பு வந்தால், அல்லது ஒரு முறை வந்து மறுபடி வர வாய்ப்பு மிக அதிகம் என்று தெரிந்தால், அது வலிப்பு நோய். அந்த வாய்ப்பைக் கணிக்க உதவும் சாட்சிகளில் இ.இ.ஜி ஒன்று. எம்.ஆர்.ஐ இன்னொன்று. மூளையில் கட்டி, தழும்பு, நம் ஊரில் பலருக்கு வலிப்புக்குக் காரணமாக இருக்கும் நாடாப்புழு முட்டைக் கட்டி போன்றவற்றை எம்.ஆர்.ஐ அல்லது சி.டி ஸ்கேன்தான் காட்டும். ஸ்கேன் மூளையின் அமைப்பைக் காட்டும், இ.இ.ஜி இயக்கத்தைக் காட்டும். ஒன்றுக்கு ஒன்று மாற்று இல்லை.

இவ்வளவுக்குப் பிறகும் சந்தேகம் தீரவில்லை என்றால் வீடியோ இ.இ.ஜி இருக்கிறது. மருத்துவமனையில் ஒரு நாள் அல்லது பல நாள் தங்க வைத்து, கேமராவும் அலைப்பதிவும் ஒரே நேரத்தில் ஓடும். வலிப்பு வரும் அந்த நிமிடமே பிடிபட்டுவிடும். பெங்களூரு நிம்ஹான்ஸ், திருவனந்தபுரம் ஸ்ரீ சித்ரா திருநாள் இன்ஸ்டிடியூட் போன்ற பெரிய மையங்களில் இந்த வசதி உண்டு. மாத்திரைக்கு அடங்காத வலிப்புக்கு ஆபரேஷன் செய்யலாமா என்று முடிவு செய்யவும் இது தேவை.

போலீஸ் செய்யும் 'பிரெய்ன் மேப்பிங்' என்ன?

இதுவும் இ.இ.ஜி-தான். பயன்படுத்தும் விதம் வேறு. தெரிந்த ஒன்றைப் பார்த்தாலோ கேட்டாலோ, சுமார் 300 மில்லி விநாடியில், அதாவது கால் விநாடியைக் கொஞ்சம் தாண்டி, மூளையில் ஒரு அலை எழும். பி-300 என்று பெயர். 1965-லேயே விஞ்ஞானிகள் பதிவு செய்தது. கொலை நடந்த இடத்தின் படத்தையோ, சம்பவம் பற்றிய வாக்கியத்தையோ காட்டும்போது சந்தேக நபருக்கு இந்த அலை வந்தால், 'அவருக்கு விஷயம் தெரியும்' என்று எடுத்துக்கொள்கிறார்கள். இந்தியாவில் உருவான 'பியோஸ்' என்ற சோதனை இன்னும் ஒரு படி மேலே போய், அந்தச் செயலைச் செய்த அனுபவமே அவருக்கு உண்டா என்று கண்டுபிடிப்பதாகச் சொல்கிறது.

சிக்கல் எங்கே? ஒரு விஷயம் மூளைக்குப் பழக்கமானதா என்பதை அலை காட்டலாம். எப்படிப் பழக்கமானது என்று காட்டாது. கொலை செய்ததால் தெரியுமா, டி.வி-யில் பார்த்ததால் தெரியுமா, விசாரணையில் போலீசாரே பத்து முறை கேட்டதால் தெரியுமா? ஸ்டேடியத்துக்கு வெளியே நிற்பவர், 14-வது வரிசைப் பேச்சைக் கேட்டேன் என்று சாட்சி சொல்வது போன்ற கதைதான்.

2008-ல் புனே நீதிமன்றம் ஒரு கொலை வழக்கில் ஒரு மாணவிக்கு ஆயுள் தண்டனை விதித்தபோது இந்தச் சோதனை முடிவையும் கணக்கில் எடுத்துக்கொண்டது. உலகம் முழுக்க நரம்பியல் விஞ்ஞானிகளிடம் அது சர்ச்சையானது. அதே ஆண்டு, நிம்ஹான்ஸ் இயக்குநர் தலைமையிலான நிபுணர் குழு, குற்ற விசாரணையில் இதைப் பயன்படுத்த அறிவியல் அடிப்படை போதாது என்று சொன்னது.

பிறகு 2010 மே 5-ம் தேதி, 'செல்வி எதிர் கர்நாடக அரசு' வழக்கில் உச்ச நீதிமன்றம் முக்கியமான தீர்ப்பைக் கொடுத்தது. உண்மை கண்டறியும் சோதனை, நார்கோ சோதனை, மூளை அலைச் சோதனை ஆகிய மூன்றையும் சம்மதம் இல்லாமல் யாருக்கும் செய்யக் கூடாது. அப்படிச் செய்தால் அது அரசியல் சாசனத்தின் 20(3), 21 ஆகிய பிரிவுகளுக்கு எதிரானது. தன்னைத் தானே காட்டிக்கொடுக்கும்படி யாரையும் கட்டாயப்படுத்த முடியாது.

சம்மதம் கொடுப்பதாக இருந்தாலும் அதை மாஜிஸ்திரேட் முன்னால் பதிவு செய்ய வேண்டும். வக்கீலின் ஆலோசனை கிடைக்க வேண்டும். அப்படிச் சம்மதித்துச் செய்த சோதனையின் முடிவைக்கூட அப்படியே சாட்சியமாக ஏற்க முடியாது. அதன் மூலம் புதிதாக ஏதாவது பொருளோ தகவலோ கண்டெடுக்கப்பட்டால் மட்டும் சட்டப்படி அது ஏற்கப்படலாம். ஆகவே 'பிரெய்ன் மேப்பிங்கில் உண்மை வெளிவந்தது' என்று தலைப்புச் செய்தி வந்தால், குற்றம் நிரூபணமாகிவிட்டது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

'ஆல்பா அலையைத் தூண்டுகிறோம்' என்று சொன்னால்?

குழந்தையின் மூளையில் ஆல்பா அலையை எழுப்பி ஞாபக சக்தியைக் கூட்டுகிறோம், கண்ணைக் கட்டிக்கொண்டு படிக்க வைக்கிறோம் என்று வகுப்பு நடத்திப் பணம் வாங்குபவர்கள் பல ஊர்களில் இருக்கிறார்கள். முன்பே பார்த்தோம்: ஆல்பா அலை வர, கண்ணை மூடி அமைதியாக உட்கார்ந்தாலே போதும். ஒரு பைசா செலவில்லை. கண்கட்டை மீறிப் படிக்கும் குழந்தைகள் மூக்கோரம் இருக்கும் சின்ன இடைவெளி வழியாகப் பார்த்துத்தான் படிக்கிறார்கள் என்று பகுத்தறிவாளர்கள் பல முறை செய்து காட்டியிருக்கிறார்கள்.

இ.இ.ஜி-யால் ஐ.க்யூ அளக்க முடியாது. குணத்தைச் சொல்ல முடியாது. பொய்யைக் கண்டுபிடிக்க முடியாது. மூளையில் சிப் பொருத்தி, நினைத்தாலே கம்ப்யூட்டர் கர்சரை நகர்த்தும் செய்திகள் வருகின்றனவே என்று கேட்கலாம். அங்கே மண்டை ஓட்டைத் திறந்து, மூளைக்குள்ளேயே மெல்லிய மின்முனைகளைச் செருகுகிறார்கள். ஸ்டேடியத்துக்குள்ளேயே மைக் வைப்பது போல. அப்படியும் அது பிடிப்பது கையை அசைக்க நினைக்கும் உத்தரவைத்தான்.

வீட்டில் யாருக்காவது வலிப்பு வந்தால்...

பதற்றப்படாமல் கடிகாரத்தைப் பாருங்கள். பெரும்பாலான வலிப்பு இரண்டு, மூன்று நிமிடத்தில் தானாக நின்றுவிடும். இடிக்கக் கூடிய பொருட்களை விலக்குங்கள். கழுத்துப் பட்டனைத் தளர்த்துங்கள். ஒரு பக்கமாகச் சாய்த்துப் படுக்க வையுங்கள்.

வாயில் ஸ்பூன், துணி, விரல் எதையும் வைக்காதீர்கள். தண்ணீர் கொடுக்காதீர்கள். கை காலை அமுக்கிப் பிடிக்காதீர்கள். சாவிக்கொத்து, இரும்பைக் கையில் திணிப்பதால் எந்தப் பலனும் இல்லை. வலிப்பு தானாக நிற்கும் நேரத்தில் சாவி கையில் இருப்பதால், அதனால்தான் நின்றது என்று தோன்றுகிறது.

5 நிமிடத்தைத் தாண்டினால், நினைவு திரும்பாமல் அடுத்த வலிப்பு வந்தால், முதல் முறை வலிப்பு என்றால், கர்ப்பிணி என்றால், அடிபட்டிருந்தால் உடனே 108-ஐ அழையுங்கள்.

பக்கத்தில் இன்னொருவர் இருந்தால் அவரை மொபைலில் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். அந்த ஒரு நிமிட வீடியோ, அரை மணி நேர இ.இ.ஜி சொல்லாததையும் டாக்டருக்குச் சொல்லிவிடலாம். எப்படித் தொடங்கியது, கண் எந்தப் பக்கம் போனது, எந்தக் கை முதலில் இழுத்தது, எவ்வளவு நேரம் நீடித்தது, தெளிய எவ்வளவு நேரம் ஆனது என்று எழுதி வையுங்கள். நேரில் பார்த்தவரையே டாக்டரிடம் கூட்டிப் போங்கள். வலிப்பு வந்தவருக்கு அந்த நேரம் பெரும்பாலும் நினைவில் இருக்காது.

டாக்டரிடம் என்ன கேட்கலாம்?

ரிப்போர்ட்டில் தெரியும் மாற்றம் என் அறிகுறிகளோடு பொருந்துகிறதா? நார்மல் என்றால் தூக்கத்தோடு சேர்த்து இன்னொரு முறை எடுக்க வேண்டுமா? ஸ்கேன் தேவையா? மாத்திரை எவ்வளவு காலம், எப்போது குறைக்கலாம்? வண்டி ஓட்டுவது, உயரத்தில் வேலை செய்வது, கிணற்றில் ஆற்றில் குளிப்பது பற்றி என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது?

இந்தக் கேள்விகளுக்கு ரிப்போர்ட்டின் கடைசி வரியில் பதில் இருக்காது. இ.இ.ஜி அந்த நேரத்து மூளையின் தாளத்தைச் சொல்கிறது. என்ன நடந்தது என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். இரண்டையும் சேர்த்து வைத்து முடிவு சொல்வது டாக்டரின் வேலை.